சீலை கட்டத் தெரிந்தவர்கள்



பெயர் போடாத கடிதங்களை நாங்கள் பொதுவாக அச்சேற்றுவதில்லை. இந்த மாதம் வந்த ஒன்றை மட்டும் ஒதுக்கி வைக்க மனம் வரவில்லை. சிறுமுகைப் பக்கத்து வாசகர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. கல்யாணம் ஆனவர். எப்போதாவது ஒரு நாள், வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிந்தே, கதவைச் சாத்திக்கொண்டு சீலை கட்டிப் பொட்டு வைத்துக்கொள்வாராம். "ஆம்பளையா இருக்கறதுல எனக்கு ஒரு குறையும் இல்லீங்க. ஆனா அந்தக் கொஞ்ச நேரம் மனசு லேசா இருக்குது" என்று எழுதியிருக்கிறார். அனுதாபம் கேட்கவில்லை, அறிவுரையும் கேட்கவில்லை. கேட்டிருப்பது தொழில்நுட்பக் கேள்வி. "எத்தனை பூசினாலும் கண்ணாடில ஆம்பளைக்குச் சீலை சுத்தின மாதிரியேதான் தெரியுது. என்ன பண்ணலாமுங்க?"

அலுவலகத்தில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர், இதைப் போட்டால் சந்தா குறையும் என்றார். குறைந்தால் குறையட்டும். இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் நாடக வாத்தியார் வைத்தே பாடம் நடந்திருக்கிறது. அதில் தேறியவர்களை ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடக்காரர், என்று நோட்டீஸில் பெயர் அச்சடித்து, வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்த ஊர்கள்தான் நம்முடையவை.

நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பெரிய நடிகர்களைக் கட்டி மேய்க்க முடியாமல் போன காலம் அது. சிறுவர்களை எடுத்துப் பழக்கினால் சொன்னபடி கேட்பார்கள், பாடம் மறக்க மாட்டார்கள் என்று பாய்ஸ் கம்பெனிகள் முளைத்தன. ராஜாவும் பையன், ராணியும் பையன். சந்திரமதி, சாவித்திரி, வள்ளி எல்லோரும் மீசை முளைக்காத பிள்ளைகள். குரல் உடைகிற வயதுக்கு நாடகக்காரர்கள் வைத்த பெயர் மகரக்கட்டு. அது வந்துவிட்டால் நேற்று வரை தமயந்தியாக அழுதவன் இன்று சேவகனாக ஈட்டி பிடித்து நிற்க வேண்டியதுதான். சிவாஜி கணேசன் மேடை ஏறிய முதல் காலத்தில் போட்டதும் சீதை வேடம்தான். பின்னாளில் எத்தனையோ கம்பீர வேடங்களில் அவர் கண் செய்த வேலையைப் பார்க்கிறபோது, அந்தச் சீதைக்கும் அதில் பங்கு உண்டு என்றே எனக்குத் தோன்றும்.

கம்பெனிகள் பிழைப்புக்காக நடந்தவை. வேலைக்குப் போய்க்கொண்டே ஆசைக்கு நடித்த படித்த கனவான்களும் இருந்தார்கள். பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் நாயகி வேடமும் ஆண்களுக்கே. முதலியாருக்கு ஜோடியாகப் பல ஆண்டுகள் நாயகி வேடம் கட்டியவர் சி.ரங்கவடிவேலு. அவர் 1923-ல் மறைந்த துக்கத்தை முதலியார் தம் 'நாடகமேடை நினைவுகள்' நூலில் எழுதியிருப்பதைப் படித்தால், ஒரு நடிகனுக்கு எதிரில் நிற்கும் நாயகி எவ்வளவு முக்கியம் என்று புரியும். நாயகி ஆணா பெண்ணா என்ற எண்ணமே அங்கே குறுக்கிடுவதில்லை.

சுகுண விலாச சபை தொடங்கிய அதே நூற்றாண்டில்தான் வெள்ளைக்கார அரசு 1871-ல் ஒரு சட்டம் போட்டு, வடக்கே சில மாகாணங்களில் அலிகள் என்று பட்டியலில் ஏற்றப்பட்டவர்கள் பெண்ணுடையில் தெருவில் தோன்றினாலே சிறை என்று வைத்திருந்தது. மேடையில் கட்டினால் மெடல், தெருவில் கட்டினால் விலங்கு. அந்தப் புத்தி நமக்குள் இன்னும் முழுசாகப் போகவில்லை.

சரி, வாசகரின் கேள்விக்கு வருகிறேன். பழைய நாடகக்காரர்கள் சொல்லக் கேட்டது, கூத்துக்காரர்கள் மேக்கப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது, அழகுநிலையம் நடத்தும் சகோதரிகள் சொன்னது எல்லாம் சேர்ந்தது இது.

முதல் எதிரி தாடி நிழல். எவ்வளவு சுத்தமாகச் சவரம் செய்தாலும் தோலுக்கடியில் பச்சையும் நீலமுமாக ஒரு நிறம் தங்கும். அதன் மேல் வெள்ளையாகப் பூசினால் சாம்பல் அடித்துவிடும். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். சவரத்துக்குப் பின் சிறிது நேரம் விட்டு, தாடை, மேலுதடு இரண்டிலும் ஆரஞ்சு சாயல் உள்ள நிறத்தை மெல்லத் தொட்டுப் பரப்ப வேண்டும். செங்கல் நிற லிப்ஸ்டிக்கே போதும். அது நீலத்தை அமுக்கிவிடும். அதற்கு மேல்தான் உங்கள் தோல் நிறத்துக்குப் பொருந்திய பூச்சு. சிவப்பாகத் தெரிய வேண்டும் என்று இரண்டு படி வெளிறிய நிறம் வாங்குவது கூத்துமேடைக்குச் சரி. அங்கே முத்துவெள்ளையும் செந்தூரமும் விடிய விடிய எரியும் விளக்குக்கும், தூரத்தில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கும் கணக்குப் பண்ணிப் போடுவது. வீட்டு டியூப்லைட்டுக்கு அது ஆகாது.

புருவத்தை மழிக்கத் தேவையில்லை. கீழ் ஓரத்தில் கொஞ்சம் ஒதுக்கினால் கண் திறந்துவிடும். மறுநாள் வேலைக்குப் போகிறவருக்கு அதற்கு மேல் செய்தால் ஆபீஸில் பதில் சொல்ல வேண்டி வரும்.

அடுத்தது தோள். பஃப் கை ஜாக்கெட் ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அகலத் தோளை இன்னும் அகலமாக்கும். முழங்கை வரை இறங்கும் சாதாரணக் கை நல்லது. முந்தானையை ஒற்றையாக மடித்து ஊக்குக் குத்தாமல் தோளில் பரவ விட்டால் பாதி அகலம் மறையும். குரல்வளை மேட்டுக்கு அகலமான அட்டிகை. மார்பு வரை தொங்கும் சங்கிலி ஒன்றும் சேர்ந்தால் பார்ப்பவர் கண் கீழே இறங்கிவிடும். வளையல் கடையில் 2.4, 2.6 என்று எடுத்துப் போட்டுப் பார்த்துக் கையைச் சிராய்த்துக்கொள்ளாதீர்கள். ஆண் கைக்குப் பெரும்பாலும் 2.10 அளவாவது வேண்டும்.

இடுப்புதான் இந்த வேலையில் பெரிய சங்கதி. ஆணுக்கு இடுப்பு நேராக இறங்கும். பாவாடைக்கு அடியில் துணி மடித்துக் கட்டி நடிகர்கள் வளைவு உண்டாக்குவார்கள். நம் ஊர்ப் பாட்டிகள் கட்டிய பின்கொசுவத்தை இங்கே நினைத்துப் பாருங்கள். கொசுவம் அத்தனையும் பின்னால் போய் விசிறியாக விரியும். முன்பக்கம் தட்டை, பின்பக்கம் நிறைவு. நேரான உடம்புக்கு இதைவிடத் தோதான கட்டு இல்லை. சிறுமுகைக்காரருக்குச் சீலையைப் பற்றிச் சொல்லித்தர நான் யார்? இருந்தாலும் ஒன்று: உங்கள் ஊர் நெசவாளர்கள் 'சாஃப்ட் சில்க்' என்று விற்கும் மெல்லிய பட்டு உடம்போடு இழையும். கஞ்சி போட்ட பருத்தி இடுப்பில் உப்பி நிற்கும். உங்களுக்கு எந்த இடத்தில் இழைய வேண்டும், எந்த இடத்தில் உப்ப வேண்டும் என்று பார்த்து எடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் கண்ணாடியில் திருப்தி வராது. காரணம், நீங்கள் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டே இருக்கிறீர்கள். நடந்து பாருங்கள். ஸ்திரீபார்ட்காரர்களின் பேர் முகத்தில் இல்லை, நடையிலும் கையிலும் இருந்தது. ஆண் நடக்கும்போது தோள் ஆடும், முழங்கை உடம்பை விட்டு விலகும், எட்டு நீளும். சீலைக்குள் எட்டு தானாகக் குறையும், குறைய விடுங்கள். உட்காருமுன் கொசுவத்தை ஒரு கையால் ஒதுக்குவது, முந்தானை நழுவினால் பார்க்காமலே எடுத்துவிடுவது, பேச்சு நடுவில் காதோர முடியைத் தள்ளுவது, இதையெல்லாம் நம் வீட்டுப் பெண்கள் யோசிக்காமல் செய்கிறார்கள். யோசிக்காமல் வரும்வரை நீங்கள் பழக வேண்டும். அதற்கு முன் பார்க்க வேண்டும். அம்மாவை, அக்காவை, கறிவேப்பிலைக் கட்டோடு காரமடை பஸ் ஏறும் அம்மிணிகளை. முறைத்துப் பார்த்தால் அடி விழும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மராத்தி மேடையில் பாலகந்தர்வர் என்றொரு மேதை இருந்தார். 1888-ல் பிறந்தவர். அவர் மேடையில் கட்டிய புடவையையும் போட்ட நகையையும் பார்த்துப் பம்பாய், புனேப் பெண்கள் அதே மாதிரி வாங்கிக் கட்டினார்கள். பெண்ணைப் பார்த்துக் கற்ற ஆணிடமிருந்து பெண்கள் திரும்பக் கற்றுக்கொண்டார்கள்! ஜப்பானில் 1629-ல் பெண்கள் கபுகி நாடகம் ஆடக் கூடாது என்று தடை வந்த பிறகு பெண் வேடமே ஒரு பரம்பரைக் கலையாகி, இன்றுவரை அங்கே ஆண்கள் அதைக் கட்டுகிறார்கள்.

நம் கொங்கு மண்ணில் இதற்கு ஒரு அருமையான முடிச்சு இருக்கிறது. நாடகக் குழு நடத்திய டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான டி.கே.சண்முகம், மேற்சொன்ன சங்கரதாஸ் சுவாமிகளின் சபையில் சிறுவனாகச் சேர்ந்தவர். அவர் தகப்பனார் கண்ணுசாமிப் பிள்ளையும் பெண் வேடத்தில் பேர் வாங்கிய நடிகர். ஈரோட்டில் 1944-ல் நாடகக் கலை மாநாடு கூட்டியவர்களும் இந்தச் சகோதரர்கள்தான். சண்முகம் ஔவையாராக மேடையில் நின்றார். ஔவை என்ற பெயரே அவருக்கு அடைமொழியாக ஒட்டிக்கொண்டது. இளமை, நளினம் எதன் துணையும் இல்லாத கிழவி வேடத்தில் ஒரு ஆண் பெண்ணாக நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். மற்றொரு பக்கம், கொடுமுடியில் பிறந்த கே.பி.சுந்தராம்பாள் 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக, அதாவது ஆணாக, நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அதே அம்மாள் 1953-ல் ஜெமினியின் 'ஔவையார்' ஆனார். மேடை ஔவை ஆண், திரை நந்தனார் பெண். இந்த ஊர்க்காரர்கள் இரண்டையும் டிக்கெட் வாங்கிப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

பேசும்படம் வந்து, பெண்கள் நடிக்க வந்த பிறகு, ஸ்திரீபார்ட் ஆண்களுக்கு வேலை போயிற்று. பெண்களுக்கு இடம் கிடைத்தது நல்லதே. ஆனால் பெண் வேடம் சினிமாவில் சிரிப்புக்கு மட்டும் என்றாகிவிட்டது. மீசையோடு தாவணி, கட்டைக் குரல், ஒரு ரவுடி துரத்துவது என்று நாமும் சிரித்துப் பழகிவிட்டோம். 1996-ல் வந்த 'அவ்வை சண்முகி'யும் நகைச்சுவைதான். ஆனாலும் கமல்ஹாசன் அதில் மாமியைக் கேலி செய்யவில்லை, மாமியாகவே நடமாடினார். சண்முகம் அண்ணாச்சியின் நாடகக் குழுவில் பழகியவர் அவர். படத்தின் பெயரும் குருவுக்குச் செய்த மரியாதை. மேக்கப்புக்கு ஹாலிவுட்டின் மைக்கேல் வெஸ்ட்மோர் வேண்டியிருந்தார். நடைக்கு யாரும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு விஷயத்தை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த திருநங்கை எழுத்தாளர் அ.ரேவதி தம் வாழ்க்கைக் கதையில், சிறுவயதில் ஊர் மாரியம்மன் நோம்பியில் பெண் வேடம் கட்டியதை எழுதியிருக்கிறார். ஊரே வேடம் நன்றாக இருக்கிறது என்று பாராட்டியிருக்கிறது. வேடத்தைக் களைந்து மறுபடி ஆண் உடுப்பை மாட்டியபோதுதான் அவருக்குத் தான் வேடம் போட்டுக்கொண்ட மாதிரி இருந்ததாம். நோம்பிக்குக் கம்பம் நட்ட ராத்திரிகளில் அக்கா சீலையை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு ஆடிய பையன்கள் நம் ஊர்களில் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் விடிந்ததும் சீலையை மடித்துக் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். ஒருவருக்கு அது ஆட்டம், ஒருவருக்கு நேர்த்திக்கடன், நமக்கு எழுதியவருக்கு மன நிம்மதி, ரேவதிக்கோ உயிர். வெளியிலிருந்து பார்த்து எது எது என்று நாம் சொல்ல முடியாது. அவரவர் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

பெண் வேடத்தை ஊரறியக் கூசாமல் நடத்தும் இடமும் அதிக தூரத்தில் இல்லை. கேரளத்தில் கொல்லம் மாவட்டம் சவறா பக்கம் கொட்டாங்குளங்கரா தேவி கோயில் இருக்கிறது. மீன மாதம் 10, 11 தேதிகளில், நம் கணக்கில் பங்குனியில், ஆயிரக்கணக்கான ஆண்கள் முழுப் பெண் அலங்காரத்தில் விளக்கேந்தி நிற்பார்கள். சமயவிளக்கு என்று பெயர். மாடு மேய்க்கும் பையன்கள் பெண் பிள்ளைகளாக வேடமிட்டு விளையாடிய இடத்தில் தேவி தோன்றினாள் என்பது கதை. அம்மாவும் மனைவியும் கூடவே வந்து கொசுவம் சரிசெய்வார்கள், பூ வைத்துவிடுவார்கள். பெண் அலங்காரம் செய்துகொள்ளும் ஆணுக்கு ஒரு பெண்ணே கண்ணாடியாக இருப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. எங்கள் வாசகருக்கும் அந்தக் கண்ணாடி வீட்டிலேயே இருக்கிறது. சீலை எங்கே சரியில்லை என்று வீட்டுக்காரம்மாவைக் கேட்டிருந்தால் தபால் செலவு மிச்சம்.

நம் மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்கு இதெல்லாம் அந்நியம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மற்ற ஊர்களில் கும்மி என்றால் பெண்கள் ஆட்டம். இங்கே வள்ளி ஒயில் கும்மியை ஆண்கள்தான் ஆடி வந்தார்கள். கை தட்டிக் குனிந்து நிமிரும் அந்த ஒயிலை எந்த மாமனும் கூச்சப்பட்டு ஆடியதில்லை. அதைப் பெண்களுக்கும் திறந்துவிட்டுக் கற்றுக்கொடுத்தவர் நம் பக்கத்துத் தாசம்பாளையம் பத்திரப்பன் ஐயா. 2024-ல் பத்மஸ்ரீ வாங்கியவர்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் பக்கம் ஆடிய கம்பெனி நாடகம், ஸ்பெஷல் நாடகம், கூத்து இவற்றின் பழைய நோட்டீஸ் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் அனுப்புங்கள். ராஜபார்ட் பெயர்கள் ஓரளவு கிடைத்துவிட்டன, ஸ்திரீபார்ட் பெயர்கள்தான் வேண்டும். உங்கள் தாத்தாவே வள்ளி வேடம் கட்டியவர் என்றால் அந்தப் போட்டோவும் வேண்டும். பார்த்துப் பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறோம். சித்திரை இதழில் எட்டுப் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்