கணக்கில் விட்டுப்போன படுக்கை

சிக்கனத்தைப் பழித்துப் பேசுகிறவன் அல்ல நான். மாதச் சம்பளக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தத் துணிவு வராது. ஊருக்குப் புறப்படுமுன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, வண்டிக்கு இவ்வளவு, தங்குவதற்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று எழுதிக் கூட்டிப் பார்ப்பதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. பாதிப் பிரயாணம் அந்தத் தாளிலேயே நடந்துவிடுகிறது. ஆனால், அந்தத் தாளைப் பற்றித்தான் இன்று சண்டை போட வந்திருக்கிறேன். நம் வீடுகளில் போடப்படும் பிரயாணக் கணக்கில் ஒரு வரி எப்போதும் விட்டுப்போகிறது. அது மறதியால் விட்டுப்போகிறது என்று நான் நம்பவில்லை.

முதலில் என் தாளையே காட்டிவிடுகிறேன். பிறர் மேல் குற்றம் சொல்ல வருகிறவன் தன் மடியை உதறிக் காட்டிவிட்டுப் பேசுவதுதான் நியாயம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜனவரி மாதத்தில், என் குடும்பமும் மைத்துனர் குடும்பமுமாக ஆறு பேர் கொடைக்கானலுக்குப் புறப்பட்டோம். ஓட்டல் அறை வேண்டாம், கூடாரத்தில்தான் படுக்கவேண்டும் என்று குழந்தைகள் பிடிவாதம் பிடித்தார்கள். அறையைவிடக் கூடாரம் மலிவாகத்தானே இருக்கும் என்று நாங்களும் சம்மதித்தோம். ஊருக்கு மேலே ஒரு தோட்டத்தில் கூடாரம் அடித்துக் கொடுத்தார்கள். ஓர் இரவுக்குத் தலைக்கு 1,500 ரூபாய். ஆறு பேருக்கு இரண்டு இரவுக்கு 18,000. வாடகைக் கார், டீசல், சுங்கம் எல்லாம் சேர்ந்து 16,000. சாப்பாடு 9,000. சில்லறைச் செலவு 3,000. டிரைவர் பேட்டா நாளைக்கு 500 வீதம் மூன்று நாளைக்கு 1,500. ஆகமொத்தம் 47,500. மைத்துனர் கூட்டிச் சரிபார்த்தார், நானும் சரிபார்த்தேன். காரில் போகிறவர்கள் ஏழு பேர், படுக்கை ஆறு பேருக்குத்தான் என்பது எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை.

டிரைவர் ஐம்பதைத் தாண்டியவர். காலையிலிருந்து வாய் நிறைய "அண்ணே, அண்ணே" என்றுதான் அழைத்தோம். "அண்ணே, இங்கே கொஞ்சம் நிறுத்துங்க", "அண்ணே, சாப்பிட்டீங்களா?" எல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது. இரவு வந்தது. குழந்தைகள் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பாடிவிட்டுக் கூடாரத்துக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டார்கள். அண்ணன் காருக்குப் போனார்.

கொடைக்கானல் கடல்மட்டத்துக்கு மேல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவில் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். இரண்டு மணிக்கு வெளியே வந்தவன் காரைப் பார்த்தேன். கண்ணாடி முழுவதும் மூச்சுப் புகை படிந்திருந்தது. சீட்டைச் சாய்த்து, தலையில் துண்டைச் சுற்றி, முழங்காலைக் கட்டிக்கொண்டு விழித்திருந்தார் அவர்.

"தூங்கலையா அண்ணே?"

"பழக்கந்தான் சார். நீங்க போய்ப் படுங்க."

போய்ப் படுத்தேன். நன்றாகவும் தூங்கினேன். மறுநாள் இரவும் அப்படியே.

மூன்றாம் நாள் வத்தலக்குண்டை நோக்கி மலை இறங்கும்போது ஒரு வளைவில் வண்டி தானாக ஓரச்சுவரை நோக்கிச் சாய்ந்தது. என் மனைவி அலறினாள். அவர் திடுக்கிட்டு விழித்து வண்டியைத் திருப்பி நிறுத்தினார். சுவருக்கும் சக்கரத்துக்கும் இடையே ஒரு சாண்தான் இருந்தது. இறங்கி முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு நின்றார். மைத்துனருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவர் காதுபடவே என்னிடம் சொன்னார்: "ராத்திரி ஒழுங்காத் தூங்கித் தொலைச்சா என்னத்தான், இந்த ஆளுக்கு?"

மூன்று நாள் அண்ணனாக இருந்தவர் ஒரு நொடியில் "இந்த ஆள்" ஆகிவிட்டார். அவர் பதில் பேசவில்லை. பேசியிருக்கவேண்டியவன் நான், நானும் பேசவில்லை. அந்தக் கடனைத்தான் இப்போது எழுதித் தீர்க்கிறேன்.

இதை எங்கே சொன்னாலும் எனக்குக் கிடைக்கும் பதில்களை நான் மனப்பாடமாகச் சொல்வேன்.

"அதற்குத்தானே பேட்டா கொடுக்கிறோம்?" என்பது முதல் பதில். 500 ரூபாயில் மலைமேல் மூன்று வேளை சாப்பிட்டுவிட்டு மிச்சத்தில் அறை எடுத்துப் படு என்று நம் பிள்ளையிடம் சொல்வோமா? அந்தப் பணத்தில் பாதியை மிச்சம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் அவர் காரில் படுக்கிறார். நம் சிக்கனத்தை மெச்சிக்கொள்கிற நாம், அவர் சிக்கனத்தின் பலனையும் நாமே அனுபவிக்கிறோம்.

"அவரே காரில் படுத்துக்கொள்கிறேன் என்கிறாரே!" என்பது இரண்டாவது. கிடைக்காது என்று தெரிந்த பொருளை வேண்டாம் என்று சொல்வது ஏழையின் கௌரவம். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது நம் சாமர்த்தியம்.

"காரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா?" என்பது மூன்றாவது. இதில்தான் குட்டு வெளிப்படுகிறது. பகலில் டிரைவர், இரவில் காவல்காரர். ஒரு கூலிக்கு இரண்டு வேலை!

"காரின் முதலாளி கவனிக்கவேண்டியது" என்பது கடைசிப் பதில். இதில் ஓரளவு உண்மை உண்டு. 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொழிலாளி இரவில் தங்கவேண்டிய இடத்தில் முதலாளி ஓய்வறை ஏற்படுத்தவேண்டும் என்றது. நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றும் சொன்னது. ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தும். ஒற்றைக் காரை வைத்துக்கொண்டு பிழைப்பவரை அது எட்டவே இல்லை. 2025 நவம்பரில் அதுவும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. தமிழ்நாட்டு அரசு 2023-ல் கட்டட விதிகளைத் திருத்தி, விருந்தினருடைய டிரைவர்களுக்கு விடுதிகள் படுக்கையும் கழிப்பறையும் ஏற்படுத்தவேண்டும் என்று ஆணையிட்டது. நல்ல ஆணை. ஆனால், அறை பதிவு செய்யும்போது வெந்நீர் வருமா, காலைச் சிற்றுண்டி உண்டா என்று விசாரிக்கிற நம்மில் எத்தனை பேர், "டிரைவருக்குப் படுக்கை உண்டா?" என்று கேட்கிறோம்? கேட்பார் இல்லாத சட்டத்தை எந்த விடுதிக்காரர் மதிப்பார்?

தருமம், கருணை என்று சொன்னால் சிலருக்குச் சலிப்பாக இருக்கும். அவர்களுக்காகச் சுயநலத்தையே பேசுகிறேன். ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் 1997-ல் 'நேச்சர்' இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவனின் நிலைக்கு இறங்கிவிடுகிறதாம். நம் மோட்டார் வாகனச் சட்டம் 0.03 சதவீதத்துக்கு மேல் மது இருந்தாலே குற்றம் என்கிறது. குடித்தவன் ஓட்டும் காரில் குழந்தைகளை ஏற்றுவோமா? தூங்காதவர் ஓட்டும் காரில் ஏற்றுகிறோம். அதுவும் விடியற்காலை நாலு மணிக்கு, "வெயிலுக்கு முன்னால் போய்விடலாம்" என்று சொல்லி ஏற்றுகிறோம். குளிர் தாங்காமல் அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டுப் படுத்தாரானால், கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உள்ளே சேர்ந்துவிடக்கூடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவரை அது எழுப்பாது.

மாட்டுவண்டிக் காலத்தை நான் பொற்காலம் என்று கொண்டாடமாட்டேன். சத்திரங்களில் சாதி பார்த்து இடம் பிரித்த கதை எனக்கும் தெரியும். ஆனால், அந்த நாளில் மாட்டை அவிழ்த்து வைக்கோல் போட்டுத் தண்ணீர் காட்டாமல் பயணி படுத்ததில்லை. மாடு களைத்துவிட்டால் வண்டி நகராது என்று அவனுக்குத் தெரியும். இன்று கார் களைப்பதில்லை. ஆகையால் அதை ஓட்டுகிறவரும் களைப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டோம்.

என்ன செலவாகிவிடும்? நாங்கள் தங்கிய தோட்டத்துக்குப் பக்கத்திலேயே, இரவுக்கு 700 ரூபாய்க்கு ஓர் எளிய அறை இருந்தது. திரும்பும்போதுதான் அதன் பலகையைப் பார்த்தேன். இரண்டு இரவுக்கு 1,400. நாங்கள் போட்ட 47,500-ல் அது நூற்றுக்கு மூன்று ரூபாய்கூட ஆகாது. குழந்தைகளுக்கு வாங்கிய சாக்லேட்டுக்கும் யூகலிப்டஸ் தைலத்துக்கும் அதற்கு மேல் கொடுத்தோம்.

ஆகவே, அடுத்த முறை கணக்குப் போடும்போது முதல் வரியில் டிரைவரின் படுக்கையை எழுதுங்கள். பெட்ரோலுக்கும் முன்னால், கூடாரத்துக்கும் முன்னால் எழுதுங்கள். பணமாகக் கொடுத்து அவர் தலையில் பொறுப்பைக் கட்டாமல், நீங்களே பதிவு செய்து சாவியை அவர் கையில் கொடுங்கள். கூடாரம்தான் என்றால் அவருக்கும் ஒரு கூடாரம், இரண்டு கம்பளி. அந்த வரியை எழுதிவிட்டு மற்றதற்குப் பணம் போதவில்லை என்றால், ஓர் இரவைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாது என்றால், அந்தப் பிரயாணத்துக்கு நமக்கு வசதி இல்லை என்றுதான் அர்த்தம். வசதி இல்லாதது அவமானம் அல்ல. வசதி இல்லாத குறையை இன்னொருவரின் தூக்கத்தில் ஈடுகட்டிக்கொள்வதுதான் அவமானம்.

என் மைத்துனர் இதைப் படிப்பார். கோபித்துக்கொள்ளட்டும். அந்தத் தாளில் கூட்டிச் சரிபார்த்தவர்களில் நானும் ஒருவன்.