சேறு அள்ள நாம், சான்று எழுத அவர்களா?

"சிறு கசிவுதான், சுத்தம் செய்தாயிற்று." கம்பெனி இப்படி ஒரு வரி எழுதினால் போதும், கோப்பு மூடப்படுகிறது. மறுநாள் அந்த வயலில் களை பறிக்க இறங்கும் பெண்ணை யார் கேட்டார்கள்?

தஞ்சை ஜில்லா கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பாய்ந்தது. கலெக்டர் வந்து பார்க்கட்டும் என்றார்கள் ஜனங்கள். விழுந்தது போலீஸ் தடி! பேராசிரியர் ஜெயராமன் உள்ளிட்டோர் சிறைக்குப் போனார்கள்.

வாயுக் குழாயிலும் எண்ணெய் உண்டு, தோழர்களே. பூமியிலிருந்து வாயு வரும்போது தண்ணீரும் லேசான எண்ணெயும் கூடவே வரும். அவற்றைப் பிரிக்காமல் அனுப்பினால், பள்ளமான இடத்தில் தேங்கி உள்ளிருந்தே இரும்பை அரிக்கும். முதலில் ஊசித் துளை. பயிர் மஞ்சளாகும், மடைத் தண்ணீரில் வானவில் நிறம் மிதக்கும். ஆந்திராவின் நகரம் கிராமத்தில் 2014 ஜூன் 27 அன்று வெடித்தது அப்படி அரித்துப்போன குழாய்தான். 20 பேருக்கு மேல் மாண்டார்கள். கசிவைப் பற்றி முன்பே முறையிட்டதாக ஊரார் சொன்னார்கள். அதுவும் "சிறு கசிவு"தானே!

நமது பக்கம் என்ன நிலை? 2020-ன் வேளாண் மண்டலச் சட்டம் காட்டுமன்னார்கோவில், கீரப்பாளையம், குமராட்சி, மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஒன்றியங்களில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கிறது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் முன்பே நடந்துவந்த வேலைகளை அது தொடவில்லை.

மேலே மணலைக் கொட்டி மூடுவது சுத்தமல்ல. வால்வை அடைத்து, வாய்க்கால் மடையைக் கட்டி, பீடி நெருப்புகூட அண்டாமல் ஆட்களை விலக்கி, எண்ணெய் ஊறிய மண்ணை வெட்டி அபாயக் கழிவாக அகற்ற வேண்டும். மிச்ச மண்ணைச் சோதிக்க வேண்டும். வெட்டுவது யார்? 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெயை மீனவர்கள் பக்கெட்டாலும் வெறுங்கையாலும் அள்ளினார்கள். கடலூர் சிப்காட்டில் கான்டிராக்ட் வேலை பார்க்கும் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நஷ்டஈடோ பட்டாவைப் பார்த்துத்தான் வருகிறது. வயல் கிடையாய்க் கிடக்கும் நாட்களில் நடவுக்கூலி இழந்தவளுக்குப் பட்டா ஏது?

ஆகவே கேட்கிறோம்: குழாய்ச் சோதனை அறிக்கையைத் தமிழில் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டு! மண் எடுக்கும்போது விவசாயத் தொழிலாளர் பிரதிநிதி நிற்கட்டும். அவர் கையெழுத்தில்லாத சான்று செல்லாது. சுத்தம் செய்பவருக்குக் கையுறையும் பூட்ஸும் முகமூடியும் முழுக் கூலியும் கொடு! வேலை இழந்த நாட்களுக்கும் கூலி கொடு! அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவோம்.