மனதை வாசிக்கும் பிள்ளைகள் வேண்டாம்

பலெர்மோவின் அல்பெர்கேரியாவில் பழஞ்சாமான்களை நிலத்தில் பரப்பி விற்கிற தெருக்கள் உண்டு. அங்கேதான் ஆதர் சி. கிளார்க்கின் 'சைல்ட்ஹூட்ஸ் என்ட்' நாவலின் இத்தாலிய மொழிபெயர்ப்பு எனக்குக் கிடைத்தது. 1953இல் வந்த மூலநூலின் தலைப்புக்குக் குழந்தைப் பருவத்தின் முடிவு என்று பொருள். இத்தாலியர்கள் அதை 'அஸ்தமனத்தின் வழிகாட்டிகள்' என்று மாற்றிவிட்டார்கள். கிளார்க் 1956இல் இலங்கைக்குக் குடிவந்து 2008இல் அங்கேயே இறந்தவர். நாங்கள் ஓடிவந்த நாட்டுக்கு அவர் விரும்பிப் போனவர்.

கதை இதுதான். வேற்றுலகவாசிகள் வந்து போரையும் பசியையும் நிறுத்துகிறார்கள். ஐம்பது வருடம் முகம் காட்டுவதில்லை. காட்டும்போது கொம்பும் சிறகும் வாலுமாகச் சாத்தானின் உருவம். அவர்கள் வெறும் மேய்ப்பர்கள். அவர்களுக்கும் மேலே, தனி ஆட்களே இல்லாத ஒரு பேர்மனம் இருக்கிறது. பூமியின் குழந்தைகள் மெல்ல மெல்ல ஒருவர் மனதுக்குள் ஒருவர் கலந்து, பெற்றோரைத் திரும்பியும் பார்க்காமல், அந்தப் பேர்மனத்தில் கரைந்து போகிறார்கள். பூமியும் அழிகிறது.

இந்தப் புத்தகத்தைப் பற்றி எங்கள் ஆட்களிடம் இரண்டு அபிப்பிராயங்கள் கேட்டேன். இரண்டோடும் எனக்குச் சண்டை.

முதலாவது, எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தம்பியுடையது. "அக்கா, இது எங்கட பிள்ளையளின்ரை கதை. பெத்தது நாங்கள், கொண்டுபோறது வேற ஆரோ."

ஆர் கொண்டுபோனது? வானத்திலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. காலையில் நாங்கள்தான் வெளிக்கிட்டுப் போனோம், அடுத்தவர் வீட்டு நிலம் துடைக்கவும் அவர்களின் வயோதிபத் தாய்மாரைப் பார்க்கவும். அந்தக் கிழவி முனகினால் அது தண்ணீருக்கா, தலையணைக்கா என்று எனக்குத் தெரியும். இரவு வீடு திரும்பியதும் என் மகளிடம் நான் பேசுவது மூன்று வசனம்: சாப்பிட்டியா, படிச்சியா, படு. பள்ளிக்கூடத்தில் இத்தாலியனும் தெருவில் சிசிலியனும் அவளோடு நாள் முழுக்கப் பேசுகின்றன. பிறகு, பிள்ளை அந்நியமாகிப் போச்சு என்று ஞாயிற்றுக்கிழமை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு ஏறி நேர்த்தி வைக்கிறோம்.

இரண்டாவது அபிப்பிராயம், ஊரில் ஆங்கிலத்தில் இதே நாவலைப் படித்த ஒரு ஐயாவுடையது. "தங்கச்சி, எங்கட சனத்துக்கு அந்த ஒற்றை மனம் இருந்திருந்தால் நாங்கள் ஏன் இஞ்ச வந்து நிக்கிறம்?"

ஐயா கடைசி அத்தியாயங்களைத் திரும்பப் படிக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு முகபாவம் இல்லை, தனக்கென்று ஒரு பெயரும் தேவையில்லை. எல்லோரும் ஒன்றாக அசைகிறார்கள், ஏன் என்று ஒருவரும் ஒருவரைக் கேட்பதில்லை. இதுவா எங்களுக்கு வேண்டும்? ஒற்றை மனம் எங்களுக்கு வாய்க்கவில்லை என்பது பொய். அதை உண்டாக்குவதற்கு நாங்கள் பட்டபாடு கொஞ்சமல்ல. 1986இல் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் இயக்கம் இயக்கத்தை அழித்ததும் அந்த ஆசையில்தானே? மாறுபட்டு நினைத்தவனின் வாயை மூடிவிட்டு, எல்லோரும் ஒன்றாக நினைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டோம். அதனாலும்தான் நாங்கள் இங்கே வந்து நிற்கிறோம்.

இந்த நாவலில் வரும் கருத்துக்கள் ஆசிரியருடையவை அல்ல என்று கிளார்க் புத்தகத்தின் முகப்பிலேயே எழுதிவைத்தார். மனதை மனம் வாசிக்கும் அதிசயங்களில் தனக்கிருந்த ஈடுபாடும் பிற்காலத்தில் அவரிடம் அற்றுப்போயிற்று. எழுதியவரே கைவிட்டதை நாங்கள் ஏன் கட்டிப்பிடித்திருக்கிறோம்?

தம்பிக்கும் ஐயாவுக்கும் உள்ள ஆசை ஒன்றுதான்: சொல்லாமலே விளங்க வேண்டும். பிள்ளை கேளாமலே எங்கள் துக்கத்தை அறிய வேண்டும், சனம் விவாதிக்காமலே ஒரு பக்கம் நிற்க வேண்டும். அல்பெர்கேரியாவின் பல்லாரோ சந்தையில் போய் நில்லுங்கள். ஒருவன் மனது ஒருவனுக்குத் தெரியாதபடியால்தான் அங்கே இந்தக் கூவல். சிசிலியனும் வங்காளியும் ஆபிரிக்கனும் விலை சொல்லுகிறார்கள், ஏசுகிறார்கள், அடுத்த நாளும் வருகிறார்கள்.

மகளும் அந்தப் புத்தகத்தைப் படித்தாள். "அம்மா, கடைசியிலை கதை சொல்லுறதும் ஒரு பெரியாள்தான். பிள்ளையள் என்ன நினைச்சினம் எண்டு அவையின்ரை வாயாலை ஒண்டும் வரேல்லையே," என்றாள். பாதி தமிழ், பாதி இத்தாலியன். அன்று இரவு பன்னிரண்டு மணிவரை இரண்டு பேரும் வாதாடினோம். அவள் சொன்னதில் எனக்குப் பிடிக்காதவை நிறைய. என்னைப் பற்றியும் சொன்னாள். அதை இங்கே எழுதமாட்டேன்.

பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டோம் என்று அழுகிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி. கடைசியாக எப்போது உங்கள் பிள்ளை உங்களோடு கருத்து மாறுபட்டு முழுதாக ஒரு மணிநேரம் பேச விட்டீர்கள்? பதில் இருப்பவர்கள் எழுதுங்கள். என்னோடு கருத்து மாறுபடுகிறவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.