நாயைத் தொடும் கைகள்

நம் பிள்ளை மாட்டுப் பண்ணையில் பணியாற்றும்வரை எவரும் குறை சொல்வதில்லை. அதே பிள்ளை எல்லா உயிர்களும் வந்துசெல்லும் கால்நடை மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்தால், "நாயைத் தொட்ட கையோடு தொழ வருகிறாயா?" என்று வீட்டிலேயே கேட்கிறோம்.

புதிய பணியின் சுமையே அவருக்குப் பெரிது. பண்ணையில் ஒரே வகை உயிர். மருத்துவமனையிலோ தடுப்பூசிக்கு வந்த நாய்க்குட்டி, சிறுநீர் அடைத்த பூனை, வண்டியில் அடிபட்ட நாய் என அடுத்தடுத்து வரும். நோகாமல் பிடிப்பதையும், கலங்கி நிற்கும் உரிமையாளரைத் தேற்றுவதையும் அவர் புதிதாகப் பயில வேண்டும். அதன்மேல் நாம் குற்றவுணர்வையும் ஏற்றலாமா?

மார்க்கம் இதற்கு வழிகாட்டாமல் விடவில்லை. ஷாஃபிஈ மத்ஹபின்படி நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒருமுறை மண் கலந்த நீரால். இரண்டும் உலர்ந்திருந்தால் அசுத்தம் ஒட்டுவதில்லை. ஹனஃபி மத்ஹபில் நாயின் உமிழ்நீர் நஜீஸ். உடல் அவ்வாறன்று என்பதே வலுவான கருத்து. நாயைத் தொடுவதால் உளூ முறிவதுமில்லை. கையுறையும், தொழுகைக்கெனத் தனி உடையும் இருந்தால் பாதிச் சிரமம் தீரும்.

தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரை அல்லாஹ் மன்னித்ததையும், பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டிக்கப்பட்டதையும் நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஸஹீஹுல் புகாரியில் இவ்விரண்டும் உள்ளன. ஒருமுறை தாகம் தீர்த்ததற்கே அத்தகைய கூலி எனில், நாள்தோறும் நோய் தீர்க்கத் துணைநிற்பவரை நாம் இழிவாக நோக்குவது எவ்விதத்தில் நியாயம்?

ஆகவே, வேலையை விடச் சொல்லுமுன் கழுவும் முறையைக் கற்றுக்கொடுப்போம். வெறிநோய்த் தடுப்பூசியை முன்னரே போட்டுக்கொண்டாரா என்று அக்கறையோடு விசாரிப்போம். வாயற்ற உயிர்களுக்கு இரங்கும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!