இம்மாதச் சிந்தனை: விராடன் அரண்மனையும் தோஹா மைதானமும்

மழை பொய்த்த ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் விராட பர்வம் படிப்பது பழைய வழக்கம். அதைக் கேட்டவர்களுக்குப் பிருகன்னளை விராடனின் சபைக்கு வந்து நின்ற கட்டம் மறந்திராது. ஊர்வசி கொடுத்த சாபத்தையே அஞ்ஞாதவாசத்துக்கு உதவியாகக் கொண்டு, வளையலும் குண்டலமும் அணிந்து, ஆடலும் பாடலும் கற்பிக்க வந்திருப்பதாகச் சொல்லி நிற்கிறான் அர்ஜுனன். மன்னனுக்கு ஐயம். தோளைப் பார்த்தால் வில்லாளியின் தோள். சொல்லும் வேஷமும் வேறாக இருக்கின்றன. அனுப்ப வேண்டிய இடமோ மகள் உத்தரை வாழும் கன்னிமாடம். தகப்பன் என்ற முறையில் அவன் விசாரிக்காமல் இருக்க முடியாது. விசாரித்தான். உரியவர்களைக் கொண்டு உறுதி செய்துகொண்டான். அதன் பிறகே கன்னிமாடத்துக் கதவைத் திறந்துவிட்டான். முரசறைந்து ஊருக்குச் சொல்லவில்லை. வியாசரும் அதை ஓரிரு வரிகளில் முடித்துக்கொண்டு மேலே போய்விடுகிறார்.

பாரதத்திலேயே இன்னொரு கதையும் உண்டு. துருபதனுக்குப் பெண்ணாகப் பிறந்து ஆணாக வளர்க்கப்பட்ட சிகண்டி. மணமான பின் பெண் வீட்டார் சந்தேகம் கொண்டு படையெடுத்து வர, காட்டில் ஒரு யட்சனிடம் ஆண் உருவத்தை மாற்றிக்கொண்டு வருகிறான். மாமனார் ஆளனுப்பிச் சோதித்துப் பார்த்து, திருப்தியடைந்து, சீர் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். சம்பந்தி வீட்டில் தீர்ந்த வழக்கு குருக்ஷேத்திரத்தில் தீரவில்லை. பெண்ணாகப் பிறந்தவர்மேல் அம்பு விடேன் என்று பீஷ்மர் வில்லைத் தாழ்த்திவிட்டார். தாம் வைத்துக்கொண்ட விதிக்குரிய விலையை அவர் தம் உடம்பிலேயே வாங்கிக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

வீட்டில் ஒப்புக்கொண்டதைக் களத்தில் ஒப்புக்கொள்ள வேண்டுமா? இன்று உலகம் முழுவதும் நீதிமன்றங்களில் நடக்கும் வழக்கு ஏறத்தாழ இதுதான். அர்ஜென்டினா 2012-லேயே, ஒருவர் தம்மை ஆண் என்றோ பெண் என்றோ எழுதிக் கொடுத்தாலே ஆவணத்தை மாற்றித் தரலாம் என்று சட்டம் செய்தது. பிரிட்டனில் 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவச் சான்றுடன் விண்ணப்பித்துப் பால் அங்கீகாரச் சான்றிதழ் பெறலாம் என்று வைத்தார்கள். அதை எளிதாக்க ஸ்காட்லாந்து 2022 டிசம்பரில் மசோதா நிறைவேற்றியது. லண்டன் அரசு மறுமாதமே அதைத் தடுத்தது. பிறகு 2025 ஏப்ரல் 16-ஆம் தேதி பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்ற சொல் பிறப்பால் அமைந்த பாலையே குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. பெண்கள் விடுதி, பெண்கள் மருத்துவமனை வார்டு, உடை மாற்றும் அறை ஆகியவற்றில் யாரை அனுமதிப்பது என்ற விவாதம் அங்கே இன்னும் சூடாகவே இருக்கிறது.

வளைகுடாவில் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு இந்த விவாதத்தின் ஒரு பாதி விளங்க அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. துபாய் மெட்ரோவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டி உண்டு. தரையில் இளஞ்சிவப்புக் கோடு. தாண்டிய ஆடவருக்கு 100 திர்ஹம் அபராதம். புதிதாக ஊரிலிருந்து வந்த தம்பிமார் அவசரத்தில் ஏறி அபராதம் கட்டிவிட்டு அசடு வழிவது வாடிக்கை. ஆனால் இரவு ஷிப்ட் முடித்துத் தனியாக வீடு திரும்பும் நர்ஸ் பெண்ணைக் கேட்டால் அந்தக் கோட்டின் அருமை தெரியும். பெண்களுக்கென்று ஓர் இடம் வேண்டும் என்பதைப் பத்தாம்பசலி எண்ணம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

மறுபாதியும் தமிழருக்குத் தெரியாததன்று. கூவாகத்துக் கூத்தாண்டவர் கோயில் சித்திரைத் திருவிழாவில் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து அழும் திருநங்கையரை அறியாதவர் யார்? அவர்களுக்கென்று தமிழ்நாடு அரசு 2008-ல் நலவாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15-ல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ராதாகிருஷ்ணனும் சிக்ரியும் மூன்றாம் பாலினத்தைச் சட்டப்படி அங்கீகரித்தார்கள். அந்தத் தீர்ப்பிலேயே அவர்களுக்குத் தனிப் பொதுக் கழிப்பறைகள் கட்டித் தரவேண்டும் என்றும் ஓர் உத்தரவு இருக்கிறது. தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் 2018 அக்டோபரில் ஒரு திருநங்கைக்கும் ஓர் இளைஞருக்கும் திருமணம் நடந்தது. பதிவாளர் பதிய மறுத்தார். 2019 ஏப்ரல் 22-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று தீர்ப்புச் சொன்னது.

இவையெல்லாம் தொலைவில் நடந்தவை என்று யாரும் இருந்துவிட வேண்டாம். இந்தச் சர்ச்சையின் மிகக் கசப்பான அத்தியாயம் ஒன்று வளைகுடா மண்ணிலேயே, ஒரு தமிழ்ப் பெண்ணின் தலையில் வந்து விழுந்தது. ஆண்டு 2006. இடம் தோஹா.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்தவர் சாந்தி சௌந்தரராஜன். தாய் தந்தையர் செங்கல் சூளைத் தொழிலாளர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். ஓடக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. 2005-ல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். மறு ஆண்டு டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டு. பஹ்ரைனின் மரியம் ஜமால் முதலில் வர, சாந்தி 2 நிமிடம் 3.16 விநாடியில் இரண்டாவதாக வந்தார். அவருக்குப் பின்னால் வந்த கஜகஸ்தான் வீராங்கனை விக்டோரியா யாலோவ்ட்ஸேவாவுக்கும் அவருக்கும் இடைவெளி 0.03 விநாடி. கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. தமிழ்ப் பெண்ணின் கழுத்தில் வெள்ளிப் பதக்கம் ஏறியது. அந்த மாதம் தோஹாவில் வேலையிலிருந்த தமிழருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பதக்கம் கழுத்தில் ஏறிய பிறகு சோதனை வந்தது. பெண் நோய் மருத்துவர், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், மரபியல் அறிஞர், மனநல மருத்துவர் என்று ஒரு குழு. சில நாட்களில் முடிவு வெளிவந்தது: பெண்கள் பிரிவில் ஓடத் தகுதியில்லை, பதக்கம் பறிபோயிற்று. அந்தச் செய்தி அதிகாரிகளின் அறைக்குள் நிற்கவில்லை. தொலைக்காட்சியில் ஓடியது, பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வந்தது. ஒரு கிராமத்துப் பெண்ணின் உடம்பின் உள்ளமைப்பைப் பற்றி உலகமே பேசியது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஏனெனில் அன்று எழுதிய பலரே குழப்பினார்கள். சாந்தி பால் மாறியவர் அல்லர். பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பள்ளியிலும் கல்லூரியிலும் பெண்கள் பந்தயத்தில் ஓடியவர். பிறவியிலேயே குரோமோசோமோ சுரப்பிகளோ வழக்கத்துக்கு மாறாக அமைவது சிலருக்கு உண்டு. வெளியே எந்த அடையாளமும் இல்லாமல், தமக்கே தெரியாமல், வாழ்நாள் முழுவதும் வாழ்ந்து முடிப்பவர்களும் உண்டு. பால் மாற விரும்புகிறவர் வழக்கு வேறு, இது வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2016-ஆம் ஆண்டு மருத்துவப் பொறுப்புச் சட்டமும் இந்த வேறுபாட்டைக் காண்கிறது. பிறவியில் பால் தெளிவில்லாதவருக்கு மருத்துவர் திருத்தம் செய்ய அனுமதியுண்டு. அப்படியில்லாதவருக்குப் பாலை மாற்ற அனுமதியில்லை.

தடகளத்தில் பெண்கள் பிரிவு என்று ஒன்று இருப்பதே, ஆண் உடலின் பலத்தோடு பெண்கள் மோத வேண்டியதில்லை என்பதற்காகத்தான். ஆகவே யார் அதில் சேரலாம் என்று கேட்க விளையாட்டு நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. 0.03 விநாடியில் பின்தங்கிய கஜகஸ்தான் பெண்ணும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். அவருடைய நியாயத்தை யாரும் கேலி செய்ய முடியாது. விராடனைப் போலக் கேட்கட்டும். ஆனால் விராடன் கதவைத் திறப்பதற்கு முன் கேட்டான். தோஹாவிலோ கதவைத் திறந்துவிட்டு, ஓடவிட்டு, பதக்கம் சூட்டிவிட்டு, பிறகு கேட்டார்கள். கேட்டதை ஊரறியச் சொன்னார்கள். பாஸ்போர்ட்டில் பெண் என்று எழுதிக்கொடுத்துப் பெண்கள் அணியில் சேர்த்து விமானம் ஏற்றி அனுப்பியவர்கள் இந்தியாவில் இருந்தார்கள். முடிவு வந்தபோது அவருக்காக வாதாட ஒரு வழக்கறிஞர்கூட முன்னே வரவில்லை. முறையீடும் இல்லை.

இது தெரியாமல் நேர்ந்த பிழை என்றும் சொல்ல முடியாது. 1966-ல் ஐரோப்பியப் போட்டியில் வீராங்கனைகளை ஆடையின்றி மருத்துவர்முன் நிறுத்தினார்கள். பிறகு குரோமோசோம் சோதனை வந்தது. 1985-ல் ஜப்பானின் கோபே நகரில் ஸ்பெயின் நாட்டு வீராங்கனை மரியா மார்த்தினெஸ் பாத்தினோ அந்தச் சோதனையில் தவறினார். விஷயம் பத்திரிகைக்குப் போய், பட்டமும் உதவித்தொகையும் எல்லாம் போயின. அவர் போராடி 1988-ல் மீண்டும் தகுதி பெற்றார். அந்தக் கசப்பில்தான் எல்லோருக்கும் சோதனை என்ற முறையைத் தடகளச் சங்கம் 1992-லும் ஒலிம்பிக் குழு 1999-லும் கைவிட்டன. சந்தேகம் வந்தால் மட்டும் சோதிப்பது என்று ஆயிற்று. சந்தேகம் யார்மேல் வரும்? தோற்றத்தைப் பார்த்து வரும். தோற்றவர் புகாரால் வரும். பாத்தினோவுக்கு நேர்ந்தது 21 ஆண்டுகள் கழித்து அப்படியே சாந்திக்கும் நேர்ந்தது.

ஊர் திரும்பியவருக்குத் தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்த மு. கருணாநிதி 15 லட்சம் ரூபாய் பரிசும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் கொடுத்தார். பதக்கம் போனபின்பும் பரிசை நிறுத்தாதது பெரிய மனது. சாந்தி அந்தப் பணத்தில் புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தொடங்கினார். ஆனால் ஊர்ப் பேச்சு விடவில்லை. 2007-ல் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாகச் செய்தி வந்தது. 2012-ல் பெற்றோர் வேலை செய்த செங்கல் சூளைக்கே தினக்கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆசியாவில் இரண்டாவதாக ஓடிவந்த கால்கள் களிமண் மிதித்துக்கொண்டிருந்தன.

ஒடிசாவின் தூத்தி சந்துக்கு 2014-ல் இதே போன்ற சிக்கல் வந்தபோது காலம் சற்று மாறியிருந்தது. இந்திய விளையாட்டு ஆணையம் துணை நின்றது. வழக்கு சுவிட்சர்லாந்திலுள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வரை சென்று, 2015 ஜூலையில் அந்த விதியையே நிறுத்திவைக்க வைத்தது. தூத்தி மீண்டும் ஓடினார். தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவின் வழக்கோ பல ஆண்டுகள் இழுத்து, 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவருக்குச் சுவிஸ் நீதிமன்றத்தில் நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று சொல்லும் வரை போயிற்று. வீராங்கனை எந்தப் பிரிவில் ஓடலாம் என்ற கேள்விக்கு அந்த நீதிமன்றமும் விடை சொல்லவில்லை.

2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தடகளச் சங்கம் புதிய விதி கொண்டுவந்தது. உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓடும் ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒரு முறை மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும். கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்தாலோ சிறிது இரத்தம் கொடுத்தாலோ போதும். இந்த விதி சரியா தவறா என்று அறிவியலாரே இரு பக்கமாக நிற்கிறார்கள். எல்லோருக்கும், பந்தயத்துக்கு முன்னால் என்பது வரையில் தோஹாவில் நடந்ததைவிட மேல். ஆனால் கத்தக்குறிச்சி மாதிரியான ஊரிலிருந்து வரும் 17 வயதுப் பெண்ணிடம் அந்த முடிவை அவள் மொழியில் யார் உட்கார வைத்துச் சொல்வார்கள்? அவள் தாயிடம் யார் சொல்வார்கள்? சொன்ன பிறகு அந்தத் தாள் யார் மேஜையில் கிடக்கும்? விதியை எழுதியவர்களும், அதை நிறைவேற்றப்போகும் இந்திய அதிகாரிகளும் இதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

சாந்தி பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பை முடித்தார். 2016-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. தோஹாவின் வெள்ளிப் பதக்கம் அவரிடம் திரும்பி வரவில்லை.