கேளாமல் மாற்றாதீர்கள்

பிரிந்துபோன தாய் தகப்பனில் பிள்ளை யாரிடம் வளர்வது என்று மாவட்ட நீதிமன்றம் இடும் கட்டளை என்றைக்கும் மாறாததல்ல. தகப்பன் மறுமணம் செய்யலாம். தாய் குவைத்துக்கு வேலைக்குப் போகலாம். பிள்ளைக்கே விபரம் தெரியும் வயது வரலாம். நிலைமை மாறினால் கட்டளையும் மாறத்தான் வேண்டும். மணமுறிவுத் தீர்ப்புக்குப் பிறகும் பிள்ளைகள் பற்றிக் கட்டளையிட இலங்கையின் 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையிலேயே இடமிருக்கிறது. மாற்றும் விதமே நமது கவலை.

வன்னியின் ஓமந்தையில் கூலிவேலை செய்யும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். அழைப்பாணை அவள் விட்டுவந்த பழைய விலாசத்துக்குப் போகிறது. தவணைக்கு அவள் இல்லை. ஒருதலைப்பட்சமாக இடைக்காலக் கட்டளை பிறக்கிறது. வழக்கு தவணைக்குத் தவணை தள்ளிப்போக, பிள்ளை புதிய பள்ளிக்கூடத்துக்கும் புதிய வீட்டுக்கும் பழகிவிடுகிறது. கடைசியில் அவளைக் கேட்கும் நாள் வரும்போது, பழகிய இடத்திலிருந்து பிள்ளையைப் பிரிக்கலாமா என்ற கேள்வியே அவளுக்கு எதிராக நிற்கும். பிள்ளையின் நலனே முதன்மை என்பதால் அது தட்டமுடியாத கேள்வி. ஆனால் அதை உண்டாக்கியது தாமதம், தாயின் குற்றமல்ல. கடல் கடந்து உழைக்கும் தகப்பனுக்கும் இதே கதிதான்.

பிள்ளைக்கு அடி, உதை என்றால் அன்றைக்கே கட்டளை வேண்டும். அதில் நமக்கு மறுபேச்சில்லை. 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அவசரப் பாதுகாப்புக் கட்டளைக்கு வழிவிட்டபோதும், விண்ணப்பித்த 14 நாளுக்குள் விசாரணை நடக்கவேண்டும் என்கிறது. பிள்ளையின் பொறுப்பை மாற்றும் இடைக்காலக் கட்டளைகளுக்கும் அதே கெடுவை வைப்பதில் என்ன தடை?

நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை இவ்வழக்குகளில் பாரமானது. அயலில் யாரோ சொன்ன ஒரு வசனம் அதில் ஏறினால் ஒரு குடும்பமே திசைமாறும். எனவே அதன் பிரதி தமிழில், விசாரணைக்கு முன்னரே, இரு தரப்பின் கையிலும் இருக்கவேண்டும். எழுதியவரைக் குறுக்குக்கேள்வி கேட்கவும் இடம் வேண்டும். இது சலுகையல்ல. இலங்கை 1991இல் ஏற்ற சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை, பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கும் நடவடிக்கையில் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் தம் கருத்தைச் சொல்ல வாய்ப்பளிக்கச் சொல்கிறது.

2009இல் போர் முடிந்த வேளையில் பிள்ளையைப் படையினரிடம் கையளித்துவிட்டு ஒரு துண்டுக் காகிதமும் பெறாத பெற்றோரை வன்னி கண்டது. குடும்ப வழக்கு அந்தத் துயரத்துக்கு ஈடல்ல. ஆனாலும் பிள்ளை கைமாறும்போது காரணத்தை எழுத்தில் கேட்க, மற்றெவரையும்விட இங்குள்ளவர்களுக்கு உரிமையுண்டு.

வக்கீல் வைக்க வசதியற்றவருக்கு முதல் தவணையிலேயே சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி கிடைக்கவேண்டும். அதற்கான அறிவித்தல் அழைப்பாணையோடு சேர்ந்தே வரட்டும். அழைப்பாணை கைக்குக் கிடைத்தது உறுதியாகும்வரை, அவசரமில்லாத எந்த மாற்றமும் நிறுத்திவைக்கப்படவேண்டும்.