துண்டுப்பிரசுரத்து முகம்

இக்காலத்துப் பெண்பிள்ளைகளுக்கு அரசியலில் நாட்டமில்லை. கண்ணாடியும் கைத்தொலைபேசியுமே அவர்களது உலகம் என்று கவலைப்படுவோர் நம்மிடையே பெருகிவிட்டனர். வாசிகசாலை ஆண்டு விழாவிலே தலைமை வகிப்பவர் இதைச் சொல்கின்றார். பரிசளிப்பு விழாவிலே பிரதம விருந்தினர் இதைச் சொல்கின்றார். முற்போக்காளர் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் நண்பர்கள் சிலரும், சற்று நீண்ட வாக்கியங்களில், இதையே சொல்கின்றனர். சொல்பவர் யாவரும் ஆடவர் என்று நாம் கூறமாட்டோம். எமது ஆசிரியர் அறையிலேயே இக்குரலைக் கேட்டிருக்கின்றோம். சில வேளைகளில் அது எமது குரலாகவும் இருந்ததுண்டு.

இக்கூற்றின் பொய்ம்மையைக் காட்ட ஒரு துண்டுப்பிரசுரம் போதும்.

2025 மே 6 ஆந் திகதி நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலிலே, எம்மிடம் உயர்தர வகுப்பில் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி தன் ஊர்ப் பிரதேச சபைக்கு வேட்பாளராக நின்றாள். வயது இருபத்தாறு. கட்சியின் பெயர் இங்கு வேண்டுவதில்லை; எந்தப் பெயரை இட்டு எழுதினாலும் கதை பெரிதும் மாறாது. வேட்புமனுவில் பெண்களுக்கும் இடம் வைக்கவேண்டும், இளையோருக்கும் இடம் வைக்கவேண்டும் என்று சட்டம் வற்புறுத்திய காரணத்தால் அவளுடைய வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தனர் கட்சிக்காரர். பெண் என்ற கணக்கில் ஒன்று, இளையோர் என்ற கணக்கில் ஒன்று. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இதனை அவள் அறியாமல் இருக்கவில்லை. "என்னை மாங்காய் எண்டு நினைச்சுத்தான் கேட்டு வந்தவை, ரீச்சர். நான் கல்லாய்ப் போய்ப் பாப்பம் எண்டுதான் ஓம் எண்டனான்" என்று எம்மிடம் சிரித்துக்கொண்டு கூறினாள்.

துண்டுப்பிரசுரத்துக்கென்று அவள் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். எழுதியதை நாம் வாசித்தோம். ஓரிரு ஒற்றுப் பிழைகளைத் திருத்தியதைத் தவிர எமக்கு வேலை இருக்கவில்லை. சந்தையில் மரக்கறி விற்கும் பெண்களிடம் சபை நாள்தோறும் வரி அறவிடுகின்றது. அப்பெண்கள் ஒதுங்குவதற்கு ஒரு மலசலகூடம் இல்லை என்பது முதலாவது. பஸ் தரிப்பிடத்திலிருந்து உள்வீதி வரை விளக்கில்லாத தூரத்தை அவள் காலடியால் அளந்து எழுதியிருந்தாள். அடுத்து, கிணறுகள். சுன்னாகத்து மின்நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்ததைப் பற்றிய வழக்கில் 2019 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என்று கட்டளையிட்டது. அவ்வழக்கிலிருந்து அவள் எடுத்துக்கொண்ட பாடம் எளியது: சுண்ணக்கற் பூமியிலே ஓரிடத்தில் ஊற்றியது இன்னோரிடத்துக் கிணற்றில் வந்து சேரும்; ஆதலால் தோட்டங்களில் கொட்டும் உரத்தையும் மலக்குழிகளையும் பற்றி, குற்றம் நிகழ்ந்த பின்னன்றி, முன்னரே சபை பேசவேண்டும். கடைசியாக, நுண்கடன் சேகரிக்க வீடு வீடாக வரும் இளைஞரைப் பற்றி இரண்டு வரிகள். 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களிலே ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பின்னும் அவ்விளைஞரின் மோட்டார்ச் சைக்கிள்கள் ஒழுங்கைகளுள் ஓடியே வந்தன என்று எழுதியிருந்தாள்.

உள்ளூர் அரசியலில் நாட்டமற்ற பிள்ளையின் எழுத்து இது.

அச்சாகி வந்த தாளில் அவ்வெழுத்தில் ஒரு வரியும் இருக்கவில்லை. "உங்கள் வீட்டுப் பிள்ளை" என்ற மூன்று சொற்களும், தாளின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு முகமும் இருந்தன. அந்த முகம் வெண்ணெயிற் பிடித்த பாவைபோல் இருந்தது. எமது மாணவி நல்ல கறுப்பு. கணினியில் முகத்தை வெளுப்பித்தவர் கைகளை மறந்துவிட்டார் போலும். வணக்கம் கூறிக் குவிந்திருந்த கைகள் அவளுடைய சொந்த நிறத்திலேயே இருந்தன. "ரீச்சர், கை என்ர. முகம் ஆர்?" என்று கேட்டாள். அதே தாளில் அச்சாகியிருந்த ஆண் வேட்பாளர் மூவரும் வெயிலில் நின்ற நிறத்திலேயே காட்சி தந்தனர் என்பதையும் இங்கே சொல்லி வைக்கவேண்டும்.

அமைப்பாளரிடம் அவள் முறையிட்டாள். அவர் பொல்லாதவர் அல்லர், தகப்பன் வயது. "அச்சகத்திலை கொஞ்சம் வெளிச்சம் கூட்டினவங்கள், பிள்ளை. உன்ர நல்லதுக்குத்தான். சனம் முகத்தைப் பாத்துத்தானே புள்ளடி போடும்" என்றார். அந்த "நல்லதுக்குத்தான்" என்ற சொல்லோடுதான் எமக்குப் பகை. எமது பெண்களை ஒறுத்த ஒவ்வொரு காரியமும் அச்சொல்லைச் சொல்லிக்கொண்டுதான் வாசலுக்கு வந்திருக்கின்றது.

இனிச் சட்டத்தைப் பற்றிச் சிறிது. 2018 ஆம் ஆண்டுக்கு முன்னர் இந்நாட்டு உள்ளூராட்சி மன்றங்களிலே பெண்கள் நூற்றுக்கு இருவர்கூட இருக்கவில்லை. நாலில் ஒரு பங்கு பெண்களுக்கு என்ற சட்டம் வந்தது. 2018 பெப்ரவரித் தேர்தலின் பின் 1,900 அளவிலான பெண்கள் சபைகளுட் புகுந்தனர். பெரிய மாற்றம், இதனைக் குறைத்துப் பேசுவோர் பக்கம் நாம் நிற்கவில்லை. ஆனால் அச்சட்டத்தின் உள்ளறையைப் பார்க்கவேண்டும். வட்டாரங்களில் நேரே போட்டியிடும் முதலாவது பத்திரத்தில் பெண்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் இருந்தாற் போதும். மேலதிகப் பட்டியலிலேதான் பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும். பட்டியலிலிருந்து யாரைச் சபைக்கு அனுப்புவது என்பதைக் கட்சிச் செயலாளர் தீர்மானிக்கின்றார். எனவே பெரும்பாலான பெண்கள் வாக்காளரின் கையால் அன்றி, செயலாளரின் கையால் தெரிவாகின்றனர். செயலாளரின் கண்ணுக்குப் பிடித்தவளாக இருத்தல் அவசியமாகின்றது. இந்தக் "கண்ணுக்குப் பிடித்தல்" என்பதில் என்னென்ன அடங்கும் என்பதை வாசகர் அறிவர்.

எமது மாணவி வட்டாரத்திலே நாற்பத்தேழு வாக்குகளால் தோற்றாள். பட்டியலில் கட்சிக்குக் கிடைத்த பெண்ணிடம் ஊர்ப் பிரமுகர் ஒருவரின் மனைவிக்குச் சென்றது. அந்த அம்மையார் மீது எமக்குக் கோபமில்லை. அவரிடமும் எவரும் அபிப்பிராயம் கேட்டிருக்கமாட்டார்கள்.

எமது நாட்டில் 1931 இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை வந்தது. பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தார் 1927 முதல் அதற்காகப் பேசினர்; சேர் பொன்னம்பலம் இராமநாதன் எதிர்த்தார். மருதனார்மடத்திலே பெண்களுக்குக் கல்லூரி கட்டிய அதே பெரியவர்தான். பெண் படிக்கலாம், பாடலாம், பூசை செய்யலாம். தீர்மானிக்க மட்டும் வேண்டாம். 1932 இல் நேசம் சரவணமுத்து அம்மையார் வட கொழும்பிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அதிலிருந்து எத்தனை ஆண்டுகள்! 2024 செப்டெம்பரில் ஹரிணி அமரசூரிய பிரதமராகப் பதவியேற்றதையும், அவ்வாண்டு இறுதியில் சரோஜா சாவித்திரி போல்ராஜ் அமைச்சரானதையும் நாம் மகிழ்ச்சியோடு வரவேற்றோம். எனினும் கொழும்பில் உயர்ந்த நாற்காலியொன்றில் ஒரு பெண் அமர்ந்துவிட்டதால், எமது ஊர்ச் சந்தையில் மலசலகூடம் தானாக முளைத்துவிடாது.

வீதியில் நிற்கவேண்டிய காலத்தில் நின்றவர் யார்? காணாமல் ஆக்கப்பட்ட தம் உறவுகளைக் கேட்டு 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் அமர்ந்தவர்களிற் பெரும்பாலோர் தாய்மார். தம் காணியைக் கேட்டுக் கேப்பாப்புலவில் இரவும் பகலும் கிடந்தவர்களும் பெண்களே. அவர்களை மேடைக்கு அழைத்தபோதெல்லாம் கண்ணீர் விடுவதற்கே அழைத்தோம். கணக்குக் கேட்பதற்கு அழைத்தோமா?

"இவையெல்லாம் சரி, ஆனால் தோலின் நிறம் ஓர் அரசியற் பிரச்சினையா? வயிற்றுப் பிரச்சினை இருக்க முகப்பூச்சைப் பற்றி ஏன் எழுதவேண்டும்?" என்று தோழர்கள் சிலர் கேட்பர். அவர்களுக்கு எமது பதில் சற்றுக் கடுமையாகவே இருக்கும். ஞாயிறு தோறும் வரும் மணமகள் தேவை விளம்பரங்களை அவர்கள் வாசிப்பதில்லையா? "சிவந்த நிறமுடைய" என்ற சொற்றொடர் அங்கே எத்தனை இடத்தில் வருகின்றது? பெண் பார்க்க வந்தவர் போனபின் "பொதுநிறம்" என்று பெரியம்மா இழுத்துச் சொல்வதன் பொருள் என்ன? சீதனத்தில் இன்னும் ஒரு பரப்புக் காணி என்பதே அதன் பொருள். கறுப்பியின் தகப்பன் கூடுதலாகக் கடன்படுகின்றான். தோலுக்கு விலை குறித்த பின், அது வயிற்றுப் பிரச்சினை அல்ல என்று எவ்வாறு சொல்வது? வெயிலில் வேலை செய்பவரின் நிறத்தை இழிவென்றும், நிழலில் இருப்பவரின் நிறத்தை உயர்வென்றும் வகுத்தது வெள்ளைக்காரன் மட்டுமல்லன். அவன் வருமுன்னரே எமது சாதி அவ்வேலையைத் தொடங்கியிருந்தது.

வியாபாரிகள் இதனை எம்மைக்காட்டிலும் நன்கு அறிவர். 1975 இல் இந்தியாவிலே விற்பனைக்கு வந்த "ஃபெயார் அண்ட் லவ்லி" என்னும் பூச்சு, 2020 இல் பெயர் மாற்றிக்கொண்டது. அமெரிக்காவிலே ஜோர்ஜ் புளொய்ட் என்ற கறுப்பின மனிதர் பொலிசாராற் கொல்லப்பட்டு உலகெங்கும் கொதிப்பு எழுந்த ஆண்டு அது. பெயரில் இருந்த வெண்மை போயிற்று. புட்டி அப்படியே இருந்தது. பெயருள்ள பூச்சுகளாவது பரவாயில்லை. பெயரும் முகவரியும் இல்லாத பூச்சுகளிலே பாதரசம் சேர்க்கப்படுகின்றது. தோலிலே கருநிறம் உண்டாகும் தொழிலைப் பாதரச உப்புகள் தடுத்துவிடும், முகம் சில வாரங்களில் வெளுக்கும், சிறுநீரகம் பழுதடையும். பூசியவளின் துவாயிலும் தலையணையிலும் படிந்து, மடியிலே படுக்கும் குழந்தைக்கும் சேரும். ஒரு கிலோ பூச்சில் ஒரு மில்லிகிராமுக்கு மேற் பாதரசம் இருத்தலாகாது என்று மினமாட்டா உடன்படிக்கை எல்லை வகுத்தது. எமது சந்தைக் கடைகளில் தொங்கும் புட்டிகளை வாங்கும் பிள்ளை அதை எங்ஙனம் அளப்பாள்?

தமிழ் படித்தவர் என்ற முறையில் எமக்கு இதிலே ஒரு தனி வெட்கமும் உண்டு. சங்கப் புலவர் தலைவியின் மேனியழகைக் கூற "மாமை" என்ற சொல்லை ஆண்டனர். மாந்தளிரின் கருமை கலந்த நிறம் அது. கருநிறத்தாளை "மாயோள்" என்றனர். தலைவன் பிரிந்தபோது அம்மாமை கெட்டு மேனி வெளிறியது. அவ்வெளிறலுக்குப் பசலை என்று பெயரிட்டு அதனை நோயென்றே கூறினர். அன்று நோயாக இருந்ததை இன்று நாம் புட்டியில் அடைத்துக் காசு கொடுத்து வாங்குகின்றோம். வகுப்பில் இதனைச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். எமது மாணவியிடமும் பெருமையோடு ஒருமுறை சொன்னோம். அவள் சிரிக்கவில்லை. "கறுப்பை வடிவெண்டு சொல்லுங்கோ எண்டு நான் கேக்கேல்லை, ரீச்சர். நான் எழுதினதை வாசிக்கேக்குள்ளை வடிவைப் பற்றிக் கதையாமல் விட்டால் காணும்" என்றாள். இரண்டாயிரம் ஆண்டு இலக்கியத்தை நாம் துணைக்கு அழைத்து நின்றோம். அவளோ எமது துணையே தேவையில்லை என்று நகர்ந்துவிட்டாள். அவள் கூறியதே சரி. மாமையைப் புகழ்ந்த புலவரும் தலைவியைப் பார்த்துக்கொண்டிருந்தவரே.

ஒன்றை ஒளிக்காமற் சொல்லவேண்டும். அமைப்பாளர் மீது சினங்கொள்ள எமக்குள்ள தகுதி குறைவு. பாடசாலை விழாவிலே வாசலில் நின்று பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுக்கப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் பொறுப்பு பல ஆண்டுகள் எம்மிடம் இருந்தது. யாரைத் தெரிந்தோம்? எவரும் எமக்குக் கட்டளை இடவில்லை. கண் தானாகவே சில பிள்ளைகளிடம் சென்றது. சில பிள்ளைகளைத் தாண்டிச் சென்றது. அவ்வாறு தாண்டப்பட்டவள் இவள். பேச்சுப் போட்டியில் முதற் பரிசு பெற்றவளை, விழாவன்று திரைச்சீலை இழுக்க விட்டோம். இதனை அவள் எமக்கு ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. தேர்தல் முடிந்த இரவில் பழைய விழாப் படமொன்றைத் தேடி எடுத்துப் பார்த்தபோதுதான் எமக்குத் தெரிந்தது. வரிசையில் நின்ற எட்டுப் பேரும் ஒரே நிறம்.

விநியோகிக்கப்படாத துண்டுப்பிரசுரக் கட்டு ஒன்று எமது வீட்டு விறாந்தையில் இன்னும் கிடக்கின்றது. சென்ற மாதம் அவள் வந்து அதிலிருந்து இருபது தாள்கள் எடுத்தாள். வெறுமையான பின்பக்கத்தில், சந்தை மலசலகூடம் பற்றிச் சபைத் தவிசாளருக்கு எழுதும் மனுவின் நகலை எழுதத் தொடங்கினாள். மரக்கறிக்காரப் பெண்கள் முப்பத்தொரு பேர் ஒப்பமிடச் சம்மதித்துள்ளனராம். "மாண்புமிகு" என்று நாம் தொடங்கிக் கொடுத்த நீண்ட முன்னுரையை அவள் ஒரே கோட்டால் வெட்டிவிட்டு, முதல் வரியாகச் சந்தை வரியின் தொகையை எழுதினாள்.